பெரிய ஊசியை நிறுத்திவிட்டு சின்ன ஊசி போடுகிறார்களே, இது சரிதானா?

கேள்வி:

டாக்டர், என் அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. பெருங்குடலில் இருந்த கட்டிக்காக ஆபரேஷன் செய்தார்கள். ஆறாம் நாள் குளிர் காய்ச்சல் வந்து பிரஷர் இறங்கி, ஐசியூவுக்கு மாற்றினார்கள். மெரோபெனம், வான்கோமைசின் என்று இரண்டு ஊசிகள் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, அப்பா எங்களை அடையாளம் கண்டு பேசினார். அப்போதுதான் தொற்றுநோய் சிறப்பு மருத்துவர் என்று ஒருவர் வந்தார். நாங்கள் கேட்கவில்லை, சர்ஜனும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. மருந்து ஏற்றக் கழுத்து ரத்தக்குழாயில் போட்டிருந்த லைனை எடுக்கச் சொன்னார். இரண்டு ஊசிகளையும் நிறுத்திவிட்டு செஃபசோலின் மட்டும் போதும் என்றார். அது ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் போடுகிற ஊசி என்று நர்ஸ் சொன்னார். சர்ஜனோ வயிற்று ஸ்கேன் நன்றாக இருந்தாலும் மெரோபெனம் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்கிறார். இன்னொரு குழப்பம், மருந்தைக் குறைத்த அதே டாக்டர் குறைந்தது இரண்டு வாரம், தேவைப்பட்டால் ஆறு வாரம்கூட ஊசி போட வேண்டும் என்கிறார். காய்ச்சலே இல்லாதவருக்கு எதற்கு இத்தனை நாள்? செலவைக் குறைக்க மருத்துவமனை செய்யும் வேலையா இது? நாங்கள் யார் பேச்சைக் கேட்பது? ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த ரத்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ரிப்போர்ட்டையும் பார்த்தேன். நானும் தொற்றுநோய் மருத்துவர்தான், அதே வேலையைச் செய்கிறவன். நோயாளியின் வீட்டார் கூப்பிடாமலே போய்க் கட்டிலருகே நின்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்கிற ஆள். அதனால் இந்தக் கேள்வியை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன், கேட்டவர்கள் மேல் ஒரு நாளும் எனக்கு வருத்தம் வந்ததில்லை. எந்த மருந்தால் அப்பா கண் விழித்தார் என்று நினைக்கிறீர்களோ அதே மருந்தை யாரோ புதிதாக வந்து நிறுத்தினால் பதறாமல் எப்படி இருக்க முடியும்? அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதையும் அந்த ஒரு தாளையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். அப்பாவிடமிருந்து இரண்டு இடங்களில் எடுத்த ரத்தத்திலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டெஃப்) என்ற கிருமி வளர்ந்திருக்கிறது, மெத்திசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துகளுக்கு அது அடங்கும், அதாவது அவற்றால் அதைக் கொல்ல முடியும் என்றும் போட்டிருக்கிறது. நம்மில் பத்தில் மூன்று பேருடைய மூக்கில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. தோலில் இருக்கும்வரை பரவாயில்லை, கழுத்து லைன் மாதிரி ஒரு வழி கிடைத்து ரத்தத்துக்குள் போய்விட்டால் கதையே வேறு. ரத்தத்தில் வரும் கிருமிகளில் பலவற்றுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு, போகிற இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு, முன்பு எப்போதோ வைத்த செயற்கை மூட்டோ பேஸ்மேக்கரோ இருந்தால் அது, இப்படி எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொண்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும். பல மருத்துவமனைகளில் இந்தப் பெயர் ரத்தக் கல்ச்சரில் வந்த உடனே லேபிலிருந்து தொற்றுநோய் மருத்துவருக்குப் போன் போய்விடும், யாரும் கூப்பிடக் காத்திருக்க வேண்டாம் என்றே விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவைப் பார்க்க அவர் வந்ததும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு விதி வைக்கக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் இந்தக் கிருமி வந்தவர்களைத் தொற்றுநோய் மருத்துவர் பார்த்தபோது இறப்பு குறைவாக இருந்தது என்று பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் இல்லை இவை, நடந்ததைக் கவனித்து எழுதியவைதான், ஆனாலும் இத்தனை இடங்களில் ஒரே பக்கம் சாய்வதால் நாங்கள் அதை நம்புகிறோம். அங்கே உயிர் காப்பாற்றுவது நாங்கள் எழுதும் ஏதோ அபூர்வ மருந்து என்று நினைக்க வேண்டாம். சரியான மருந்துக்கு மாற்றுவது, கிருமி நுழைந்த லைனைப் பிடுங்குவது, ரத்தம் சுத்தமாகிவிட்டதா என்று மறுபடி கல்ச்சர் அனுப்புவது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வால்வைப் பார்ப்பது, போதுமான நாள் மருந்து கொடுப்பது, அவ்வளவுதான். எல்லாமே எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்த வேலைகள். ஆனால் ஒரு பெரிய வார்டில், ஆளாளுக்கு வேறு அவசரம் இருக்கும்போது, இவற்றில் ஒன்று விடுபட்டுப் போவது ரொம்பச் சுலபம். அதை விடுபடாமல் பார்த்துக்கொள்வதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இப்போது ஊசிக்கு வருவோம். பெரிய ஊசி, சின்ன ஊசி என்று எல்லாருமே சொல்கிறோம், மருத்துவர்களும்தான் சொல்கிறார்கள், அந்தப் பேச்சிலிருந்துதான் பாதிக் குழப்பம் வருகிறது. மெரோபெனம் 'பெரியது' என்றால் அது பல வகைக் கிருமிகளைத் தாக்கும் என்று அர்த்தம். ஒரு குறிப்பிட்ட கிருமியை மற்ற மருந்துகளைவிட ஓங்கி அடிக்கும் என்று அர்த்தம் கிடையாது. ஆறாம் நாள் இரவு அப்பாவுக்குப் பிரஷர் இறங்கியபோது என்ன கிருமி என்று யாருக்கும் தெரியாது. குடலைத் தைத்த இடம் கசிகிறதா, நுரையீரலா, சிறுநீரா, லைனா என்று எதுவும் தெரியாது. அந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும், அதனால் எல்லாப் பக்கமும் மூடுகிற மாதிரி இரண்டு மருந்தை ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் ரத்தக் கல்ச்சரும் எடுத்தார்கள். அந்த ஐசியூ மருத்துவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஆனால் இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் வந்து கிருமியின் பெயர் தெரிந்துவிட்டது. இருட்டில் எடுத்த முடிவை வெளிச்சத்தில் மறுபடி எடுக்க வேண்டிய நேரம் அது. இந்த மறுமுடிவுதான் பல இடங்களில் நடப்பதே இல்லை. ராத்திரி டியூட்டி டாக்டர் ஆரம்பித்த ஊசி, காலையில் வந்தவர் அப்படியே தொடர்வார், மறுநாள் வந்தவரும் தொடர்வார், நோயாளி தேறிக்கொண்டிருப்பார், ஓடுகிற மருந்தை நிறுத்த யாருக்கும் கை வராது. நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் தலையில் விழும் என்ற பயமும் இருக்கும். தொடர்ந்து கொடுத்ததால் சிறுநீரகம் கெட்டால் மட்டும் அது நோயின் கணக்கில் போய்விடும், யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பாவின் கிருமிக்கு எது வலுவான மருந்து என்று என்னைக் கேட்டால், செஃபசோலின்தான். இது என் விருப்பம் மட்டுமில்லை, உலகம் முழுக்க இந்த வகை ஸ்டெஃபுக்கு முதலில் எழுதப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. வான்கோமைசின் 1958இலிருந்து இருக்கிற மருந்து, மெத்திசிலினுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ என்கிற ஸ்டெஃபுக்கு அதை விட்டால் பல நேரம் வழியில்லை. ஆனால் அடங்குகிற ஸ்டெஃபை அது மெதுவாகத்தான் கொல்லும். அடங்குகிற கிருமிக்கு வான்கோமைசினையே தொடர்ந்தவர்கள், செஃபசோலின் மாதிரி மருந்துக்கு மாறியவர்களைவிட மோசமாகவே தேறுகிறார்கள். அதோடு வான்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், 67 வயதில் சர்க்கரையும் இருக்கிறவருக்கு அதைத் தேவையில்லாமல் ஒரு நாள்கூடக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆக உங்கள் அப்பாவுக்கு மருந்தைக் குறைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், அந்தக் கிருமிக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிற மருந்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எல்லாருக்கும் போடுகிற ஊசி என்று நர்ஸ் சொன்னதும் உண்மைதான். ஆபரேஷனுக்கு முன்னால் அதைப் போடுவதே தோலில் இருக்கும் இந்த ஸ்டெஃப் காயத்துக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான்.

மெரோபெனத்தைத் தொடர்ந்தால் என்ன நஷ்டம், கூட ஒன்று ஓடினால் ஓடட்டுமே என்று தோன்றும். நம் குடலில் நமக்கு வேண்டிய கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, மெரோபெனம் அவற்றில் பெரும்பகுதியைத் துடைத்துவிடும். காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காதவை வந்து குடியேறும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று ஒரு கிருமி, ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் மோசமான வயிற்றுப்போக்குக்குக் காரணமானது, அதுவும் இப்படித்தான் இடம் பிடிக்கிறது. குடலில் இப்போதுதான் தையல் போட்ட ஒருவருக்கு அது வந்தால் என்ன ஆகும் என்று சர்ஜனுக்கே நன்றாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தது. தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பவை, கவனித்துப் பயன்படுத்த வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. செஃபசோலின் முதல் வகை, மெரோபெனமும் வான்கோமைசினும் இரண்டாவது வகை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019இல் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக உலகளாவிய கணக்கு ஒன்று சொல்கிறது. ஆனால் அந்த எண்ணைக் காட்டி உங்கள் அப்பாவின் மருந்தை நிறுத்தச் சொன்னால் நான் நல்ல மருத்துவன் இல்லை. ஊருக்கு நல்லது என்பதற்காக ஒரு நோயாளியின் மருந்தில் கை வைக்கக்கூடாது. அப்பா விஷயத்தில் ஊருக்கு நல்லதும் அவருக்கு நல்லதும் ஒன்றாகவே இருக்கின்றன, அதனால்தான் தயங்காமல் எழுதுகிறேன்.

செலவைக் குறைக்கவா என்று கேட்டிருந்தீர்கள். செஃபசோலின் விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன மற்றதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வாரமாவது ஊசி, தேவைப்பட்டால் ஆறு வாரம். அதோடு மறுபடி மறுபடி கல்ச்சர், எக்கோ எல்லாம் அநேகமாக எழுதியிருப்பார். செலவைக் குறைக்க வந்தவர் இதையெல்லாம் எழுத மாட்டார்.

நாட்கணக்கு ஏன் அவ்வளவு நீளம் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி. மருந்தின் வீச்சைக் குறைப்பதும் நாளைக் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். இப்படிப் பாருங்கள், எத்தனை வகைக் கிருமியைத் தாக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ரத்தக் கல்ச்சர் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. காய்ச்சல் விட்டதால் ஒளியவில்லை என்று சொல்லிவிட முடியாது, வால்வில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பது மருந்து ஓடும்வரை அமைதியாகவே இருக்கும். மருந்தைக் கொடுத்த பிறகு எடுக்கும் ரத்தக் கல்ச்சர் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சுத்தமாக வர வேண்டும், மூன்று நாளுக்குள் காய்ச்சல் அடங்கியிருக்க வேண்டும், எக்கோவில் வால்வு நன்றாக இருக்க வேண்டும், உடம்புக்குள் செயற்கை வால்வோ மூட்டோ இருக்கக்கூடாது, வேறெங்கும் சீழோ வலியோ இருக்கக்கூடாது. இத்தனையும் சரியாக இருந்தால் குறைந்தது 14 நாள். ஒன்று தவறினாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். அந்த 14ஐ ஊசி ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, ரத்தம் சுத்தமாக வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் இந்தக் கணக்கு தப்பாகப் போய் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், அதனால் தேதியைக் கேட்டு நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கிருமிக்கும் இப்படி நீட்ட மாட்டோம். ரத்தத்தில் கிருமி வந்தவர்களுக்கு 7 நாள் போதுமா 14 நாள் வேண்டுமா என்று ஏழு நாடுகளில் 3,600க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. 7 நாள் கொடுத்தவர்கள் 14 நாள் கொடுத்தவர்களைவிட எந்த விதத்திலும் மோசமாகவில்லை. ஆனால் அந்த ஆய்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தவர்களை ஆரம்பத்திலேயே சேர்க்கவில்லை, காரணம் அதன் இந்த ஒளியும் குணம்தான். இப்படி எந்த ஆய்வு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று பார்த்து வைத்திருப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்ததே.

சர்ஜன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஏன் தயங்குகிறார் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது, அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் வயிற்றுக்குள்ளே கண்ணால் பார்த்தவர் அவர், குடல் எந்த அளவுக்கு வீங்கி இருந்தது, தையல் எவ்வளவு இறுக்கத்தில் விழுந்தது என்பதெல்லாம் எந்த ஸ்கேனிலும் வராது. ஐந்தாம் ஆறாம் நாளில் காய்ச்சல் வந்தால் குடல் தையல் கசிகிறது என்றுதான் எந்த சர்ஜனும் முதலில் பயப்படுவார், அந்தப் பயம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தையல் உண்மையிலேயே கசிந்தால் மெரோபெனம் அதை அடைக்காது, குழாய் வைத்துச் சீழை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி திறக்க வேண்டும். அப்படிச் சீழை ஒழுங்காக எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு மருந்துகூட ரொம்ப நாள் வேண்டாம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வயிற்றுத் தொற்றை ஆபரேஷனிலோ குழாய் வைத்தோ சரிசெய்த பிறகு சுமார் நான்கு நாள் மட்டும் மருந்து கொடுத்தவர்களும், எட்டு நாள் அளவுக்குக் கொடுத்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். அப்பாவுக்கு ஸ்கேன் நன்றாக இருக்கிறது, கல்ச்சரில் குடலில் இருக்கும் கிருமி எதுவும் வரவில்லை. வயிறு உப்பி, வலி கூடி, மறுபடி காய்ச்சல் வந்தால் அப்போது முடிவு மாறலாம், மாறத்தான் வேண்டும்.

அதனால் யார் பேச்சைக் கேட்பது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், அந்தச் சுமை உங்களுடையதே இல்லை. இரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் பேசச் சொல்லுங்கள். ஃபைலில் ஒருவர் எழுதி வைப்பதும், அதற்குக் கீழே மற்றவர் எழுதி வைப்பதும் பேச்சு ஆகாது. "சார், மெரோபெனம் விஷயமா நீங்களும் அந்த டாக்டரும் பேசி ஒரே முடிவா எங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைச் சீராக்க எடுத்த முயற்சிகள் பற்றி 221 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பின் அறிக்கை ஒன்று வந்தது. இந்த முயற்சிகளால் மருந்து கொடுக்கும் காலம் சராசரியாக ஏறக்குறைய இரண்டு நாள் குறைந்திருக்கிறது, இறப்பு கூடவில்லை. அதே அறிக்கையில் எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருந்தது. இந்த மருந்தை எழுதக்கூடாது, அனுமதி வாங்கித்தான் எழுத வேண்டும் என்று வெறும் தடையாகப் போட்ட சில இடங்களில் அவசர நோயாளிக்கு மருந்து தாமதமாகியிருக்கிறது, வார்டு மருத்துவர்களுக்கும் தொற்றுநோய்க் குழுவுக்கும் இடையே நம்பிக்கை கெட்டிருக்கிறது. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் தடை போடுவதுதான் வேலை என்று நினைத்தேன். இப்போது காலை ரவுண்ட்ஸில் சர்ஜனோடு நடந்து போய், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்கிறேன். பாதி நேரம் அவர் சொல்வதைக் கேட்டு என் முடிவு மாறும், மீதி நேரம் அவருடையது மாறும்.

மருந்தைக் குறைப்பதற்கென்றே வருகிறவர்கள் என்ற பெயர் எங்களுக்கு இருக்கிறது, அது முழுதாகச் சரியில்லை. கூட்டுகிற நாளும் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈகோலி, கிளெப்சியெல்லா என்ற கிருமிகள் ரத்தத்தில் வந்தவர்களுக்கு மெரோபெனமா, பிப்பெராசிலின் டாசோபாக்டம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கா என்று ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. லேப் தாளில் இரண்டுமே வேலை செய்யும் என்றுதான் இருந்தது. ஆனால் 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம், மற்றப் பக்கம் 12.3 சதவீதம். அப்படிப்பட்ட நோயாளிக்கு வார்டில் பிப்பெராசிலின் ஓடிக்கொண்டிருந்தால் நானே போய் மெரோபெனத்துக்கு மாற்றச் சொல்வேன். டாப்டோமைசின் என்று நல்ல மருந்து ஒன்று உண்டு, ரத்தத்தில் பிரமாதமாக வேலை செய்யும், நுரையீரலுக்குள் இருக்கும் ஒரு திரவம் அதைச் செயலிழக்கச் செய்துவிடும், அதனால் நிமோனியாவுக்கு உதவாது. லேப் தாளில் இது எதுவும் எழுதியிருக்காது.

நிறுத்துவதில் பெரும்பகுதி, நோயே இல்லாத இடத்தில் கொடுக்கும் மருந்து. சிறுநீர் டியூப் ஒரு மாதம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி வளரும், தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து வேண்டாம். ஐசியூ நோயாளியின் சளியில் கேண்டிடா காளான் வந்தாலும் அப்படித்தான். பென்சிலின் அலர்ஜி என்று ஃபைலில் எழுதப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த அலர்ஜி இருப்பதில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அவர்களுக்கு நல்ல மருந்து கிடைக்காமலே போகிறது. அப்பாவின் ஃபைலில் அப்படி ஏதாவது இருந்தால், எந்த மருந்துக்கு, எப்போது, என்ன ஆனது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பல வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகாதது. ஒரு மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் வந்தது, ரத்தத்தில் இதே ஸ்டெஃப், கையில் போட்டிருந்த ஊசி வழியாக வந்தது, லைனை எடுத்துவிட்டோம், காய்ச்சல் விட்டுவிட்டது, என்ன செய்யலாம் என்றார்கள். போனிலேயே சொன்னேன், செஃபசோலின், 14 நாள், எக்கோ எடுங்கள் என்று. எக்கோவும் நன்றாகவே வந்தது. நான் போய் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவரால் எழுந்து நிற்க முடியவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள், முதுகெலும்பை ஒட்டிச் சீழ். கேட்டால், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த முதல் வாரத்திலிருந்தே முதுகு வலித்ததாகச் சொன்னார், வயசானால் வலிக்கத்தானே செய்யும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். நான் போய்க் கட்டிலருகே நின்று முதுகெலும்பை ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆபரேஷன் செய்து உயிர் பிழைத்தார், நடை மட்டும் பழையபடி திரும்பவில்லை. இந்தக் கிருமிக்குப் போனில் ஆலோசனை சொல்வதைவிட நேரில் போய்ப் பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன, எனக்கு அது அந்த அம்மாவிடம் தெரிந்தது. உங்கள் அப்பாவைப் பார்க்க ஒருவர் நேரில் வந்திருக்கிறார், அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

எல்லா மருத்துவமனையிலும் இப்படி ஒருவர் இருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். இல்லாத இடத்தில் நுண்ணுயிரியல் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறார்கள், சில இடங்களில் என்னைவிட நன்றாகவே செய்கிறார்கள்.

அப்புறம், நீங்கள் செய்ய வேண்டியவை. மறு கல்ச்சர் எந்தத் தேதியில் எடுத்தார்கள், சுத்தமாக வந்ததா என்று கேளுங்கள். எக்கோ எடுத்தாயிற்றா, நெஞ்சுக்கு மேலே வைத்துப் பார்த்தது போதுமா, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள், எல்லாருக்கும் இரண்டாவது தேவைப்படாது. ஆறு வாரம் ஆகும் என்றால் கையில் பிக் லைன் என்று, பல வாரம் வைத்திருக்கக்கூடிய நீளமான மெல்லிய குழாய் ஒன்று போடுவார்கள், ரத்தம் சுத்தமான பிறகுதான் போட வேண்டும், வீட்டில் அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் கை கழுவியே ஆக வேண்டும், ஏனென்றால் முதல் தடவை கிருமி வந்ததே ஒரு லைன் வழியாகத்தான். கடைசியில் மாத்திரைக்கு மாற முடியுமா என்றும் தயங்காமல் கேளுங்கள். எலும்பு, மூட்டுத் தொற்றுக்கும், தேறி வரும் வால்வுத் தொற்றுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்ததாக 2019 வாக்கில் நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆனால் எந்த நோயாளிக்கு, எப்போது என்பதை, நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், நடுக்கம், மூச்சு வாங்குவது, ஒரு மூட்டு மட்டும் வீங்குவது, கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

அப்பாவுக்கு உடம்பில் பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு, ஸ்டென்ட் ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் அந்த டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அப்பாவிடம் போய் முதுகு வலிக்கிறதா என்று கேளுங்கள், படுத்தே கிடப்பதால் வலிக்கிறது என்று அவர் சொன்னாலும் அதையும் அப்படியே அந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.